சின்ன போர் (bore) துப்பாக்கிக்கு இருபது மீட்டர்தான்

"முதல் துப்பாக்கியா? சின்ன போராகப் பார்த்து வாங்கு. உதை இருக்காது, சத்தம் குறைவு, பண்ணையில் எலிக்கும் புறாவுக்கும் அது போதும்." பண்ணை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். போர் என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைச் சொல்லும் அளவு; இங்கே சின்ன போர் என்பது முக்கியமாக 410. எனக்கும் இப்படித்தான் சொன்னார்கள், நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. பாதி உண்மையான இந்த அறிவுரையால் அடிபட்டும் சாகாமல் புதருக்குள் போய்க் கிடக்கும் உயிர்கள் ஏராளம்.

கணக்கு இதுதான். 12 போர் என்றால், குழலின் உள்விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. எண் கூடக் கூடக் குழல் ஒடுங்கும். 20, 28 என்று போகும் இந்த வரிசையில் 410 மட்டும் சேராது. அது நேரடியாக அங்குல அளவு: 0.410 அங்குலம், அதாவது 10.4 மில்லிமீட்டர். மற்றவற்றைப் போல உருண்டைக் கணக்கில் சொன்னால் 67 போர் என்று வரும்.

குழல் சின்னதாக இருப்பதால் ரவையும் (தோட்டாவுக்குள் இருக்கும் சின்னச் சின்ன உலோகக் குண்டுகள், பெரும்பாலும் ஈயம்) மெதுவாகப் போகும், மென்மையாகப் படும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. 410-இன் குழலைவிட்டு வெளியேறும் ஒரு ரவையின் வேகமும் 12 போரில் வெளியேறும் ரவையின் வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான். தனி ஒரு ரவையின் அடியில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசமெல்லாம் எண்ணிக்கையில்தான். இரண்டரை அங்குல 410 தோட்டாவில் சுமார் 14 கிராம் ரவை இருக்கும். அமெரிக்க அளவில் ஏழரை எண் ரவை (எண் ரவையின் பருமனைக் குறிக்கும்) என்றால் ஏறக்குறைய 175. அதே ரவை, 32 கிராம் போடும் 12 போர் தோட்டாவில் 390 வரை இருக்கும். போதாக்குறைக்கு, ஒடுங்கிய குழலுக்குள் ரவை நீளமாக அடுக்கப்பட்டிருப்பதால் ஓரத்து ரவைகள் குழலில் உரசி நசுங்கும். நசுங்கியவை நேராகப் போவதில்லை.

ஆக, பதினைந்து மீட்டரில் அடர்த்தியாக விழும் ரவை, முப்பது மீட்டரில் ஓட்டை விழுந்த வலை மாதிரி ஆகிவிடுகிறது. அந்த ஓட்டைக்குள் ஒரு புறா முழுசாக அடங்கிவிடும். அப்போது ஒன்றோ இரண்டோ ரவைதான் படும். குடலில் படலாம், இறக்கையில் படலாம். உடனே சாகாது. அதனால்தான் 410-க்கு இருபது மீட்டர் எல்லை என்கிறேன்.

எனக்கு இந்தப் புத்தி வந்தது ஒரு புறாவால்தான். தீவனக் கொட்டகையின் கூரை விளிம்பில் உட்கார்ந்திருந்தது. முப்பத்தைந்து எட்டு வைக்கும் தூரம் இருக்கும். எட்டும் என்று நினைத்தேன், சுட்டேன், இறகு பறந்தது, பறவையும் பறந்து போய்விட்டது. இரண்டு நாள் கழித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உயிரோடு கிடைத்தது. அந்த இரண்டு நாள் அது பட்ட பாட்டுக்கு நான்தான் பொறுப்பு. பயிரைக் காப்பாற்ற ஒரு உயிரைக் கொல்வது அவசியமாக இருக்கலாம். அதை வதைக்க எந்த அவசியமும் இல்லை.

அதனால் சொல்கிறேன், 410 பழகுபவருக்கான துப்பாக்கி இல்லை. உதை குறைவு என்பது உண்மைதான். ஆனால் பறக்கும் பறவையை அதில் சுத்தமாக வீழ்த்தக் கை தேர்ந்திருக்க வேண்டும். சிறுவர்களிடம் முதலில் இதைக் கொடுத்தால் தவறவிட்டுத் தவறவிட்டு மனம் நொந்துபோவார்கள், இல்லையென்றால் காயப்படுத்தப் பழகுவார்கள். பழகுவதற்கு எடை குறைந்த தோட்டா போட்ட 20 போர் எவ்வளவோ மேல்.

ஆனால் அதற்குரிய இடத்தில் சின்ன போருக்கு ஈடே இல்லை. அந்தி நேரத்தில் தானியக் கிடங்கின் ஓரமாக உட்கார்ந்து, சுவரோரம் ஓடும் பெருச்சாளியை எட்டு, பத்து மீட்டரில் அடிப்பதற்கு 12 போர் தேவையே இல்லை. கொட்டகைக்குள்ளே என்றால் 9 மில்லிமீட்டர் ரிம்ஃபயர் (அடிவிளிம்பில் அடிபட்டு வெடிக்கும்) ரவைத் தோட்டா போதும். பத்து மீட்டருக்கு மேல் அதை நம்ப முடியாது. தொழுவத்தில் மாடுகள் அவ்வளவாக மிரளுவதும் இல்லை. சத்தம் குறைவு என்பதால் காது மூடி வேண்டாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மூடிய இடத்தில் அதுவும் காதைக் கெடுக்கும். கண்ணாடியும் கட்டாயம், சிமெண்டுத் தரையில் பட்ட ரவை எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஏழரை எண் ரவை திறந்தவெளியில் 200 மீட்டர் வரைகூடப் போய் விழும். இருபது மீட்டருக்கு மேல் சுத்தமாகக் கொல்லாது என்பதால் அதற்கு அப்பால் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது.

ஈயத்தைப் பற்றியும் யோசியுங்கள். சுட்ட எலியை அப்படியே வீசினால் ஆந்தையும் பருந்தும் நாயும் தின்னும், ஈயம் அவற்றின் உடலில் சேரும். தீவனத்தில் ரவை கலந்தால் மாட்டுக்கும் விஷம். ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் ஈர நிலங்களிலும் அவற்றைச் சுற்றியும் ஈய ரவையைத் தடை செய்திருப்பது சும்மா இல்லை. எஃகு ரவை எடை குறைவு, இரண்டரை அங்குல 410 தோட்டாவில் 14 கிராம் போடக்கூட இடம் பத்தாது. பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த ரவை விலை அதிகம்தான், ஆனால் சின்ன போருக்கு அது பொருந்துகிறது. எதைப் போட்டாலும், செத்ததை எடுத்துப் புதைத்துவிடுங்கள்.

அப்புறம், துப்பாக்கியால் எலி ஒழிந்துவிடும் என்று நம்பாதீர்கள். 6 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தாலே சுண்டெலி நுழைந்துவிடும். சிந்திய தானியத்தைக் கூட்டாமல், ஓட்டையை அடைக்காமல், பத்து எலியைச் சுட்டால் அந்த இடத்துக்குப் பதினொன்று வரும். உரிமம், எந்த உயிரைச் சுடலாம், எதைச் சுடக்கூடாது என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். தோட்டா வாங்குவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட வேண்டும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். பெரிய தாளில் புறா அளவுக்கு ஒரு உருவம் வரைந்து, பின்னால் மண்மேடு இருக்கும் இடத்தில் நட்டு, 15, 20, 25, 30 மீட்டரில் ஒவ்வொரு தாளாகச் சுடுங்கள். உருவத்துக்குள் எத்தனை ஓட்டை என்று எண்ணுங்கள். நான் சுட்ட தாள்கள் நான்கும் கொட்டகைக் கதவின் உட்புறம் இன்னும் தொங்குகின்றன. பதினைந்து மீட்டர் தாளில் எண்ண முடியாத அளவுக்கு ஓட்டைகள். முப்பது மீட்டர் தாளில் இரண்டே இரண்டு, இரண்டும் இறக்கையில்.