ஈசி க்ளியரா இருந்தா மட்டும் போதாது

முதன்முதலாக வீடு வாங்குகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற வசனம்: "ஈசி போட்டுப் பார்த்தாச்சு, க்ளியரா இருக்கு. பேங்க்லயும் லோன் ஓகே." ஈசி என்பது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று. இந்த இரண்டை மட்டும் நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பத்திரம் பதிவாகிவிட்டால் சொத்து நமதென்று அரசாங்கமே உத்தரவாதம் கொடுத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லி, அந்த ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்த தமிழ்நாட்டின் பதிவு விதி 55ஏ(1)-ஐ ரத்து செய்தது. விற்பவரிடம் இல்லாத உரிமை பதிவு செய்வதால் நமக்கு வந்துவிடாது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது வாங்குகிறவர்தான்.

வில்லங்கச் சான்றை எப்படிப் படிப்பது? ஒவ்வொரு பதிவிலும் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களோடு "முந்தைய ஆவண எண்" என்று ஓர் இடம் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பத்திரமாகப் பின்னால் போங்கள். ஒரு பத்திரத்தில் எழுதி வாங்கியவர்தான் அதற்குப் பிறகு வந்த பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவராக வரவேண்டும். நடுவில் ஒரு பெயர் விட்டுப்போனால், விடை கிடைக்கும்வரை பணம் நகரக்கூடாது. குறைந்தது 30 வருடம் பாருங்கள். இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதை அலுவலகத்தில் மனு கொடுத்து வாங்க வேண்டும்.

இங்கே பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. இன்று 45/2பி3 என்றிருக்கும் புல எண் (சர்வே நம்பர்), உட்பிரிவு ஆவதற்கு முன்பு வெறும் 45/2 ஆக இருந்திருக்கும். புது எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் பழைய அடமானமோ விற்பனையோ வராமல் போகலாம். இரண்டு எண்ணிலும் போடுங்கள். சொத்து முன்பு வேறு சார்பதிவகத்தின் எல்லையில் இருந்ததா என்றும் கேளுங்கள்.

ஈசியில் வராதவையும் நிறைய. உயில் அதில் வராது. நடக்கிற வழக்கு பெரும்பாலும் தெரியாது. அசல் பத்திரத்தைத் தனியாரிடம் வைத்து வாங்கிய கைமாற்றும் தெரியாது. அதனால்தான் அசல் மூலப்பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்க்கச் சொல்கிறோம். "தொலைஞ்சுபோச்சு, ஜெராக்ஸ் இருக்கு" என்றால், காவல்துறையின் காணவில்லைச் சான்றும் நாளிதழ் அறிவிப்பும் இல்லாமல் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

பூர்வீகச் சொத்து என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும், கல்யாணமாகிப் போன மகள்கள் உட்பட. இந்துக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989-லேயே தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது; அப்போதே கல்யாணமாகியிருந்த மகள்களுக்கும் 2005-ன் மத்தியச் சட்டத் திருத்தம் அந்தப் பங்கைக் கொடுத்தது. "தங்கச்சி ஒண்ணும் கேக்காது" என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிப் பதிவான விடுதலைப் பத்திரம் வேண்டும். மைனருக்குத் தனியாக வந்து சேர்ந்த பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் அம்மாவோ அப்பாவோ விற்றிருந்தால், அந்தப் பிள்ளை மேஜரான பிறகு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டு அதைச் செல்லாது ஆக்கலாம். பவர் (உரிமையாளருக்காக விற்க எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) வைத்திருப்பவர் விற்கிறாரா? பவர் கொடுத்தவரை நேரில் பாருங்கள். பொதுவாக அவர் இறந்த அன்றே பவரும் போய்விடும்.

பேங்க் வக்கீல் பார்ப்பது வங்கியின் பணத்துக்காக. உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீலை வையுங்கள். லட்சக்கணக்கில் போடும் இடத்தில் சில ஆயிரம் ரூபாய் லீகல் செலவை மிச்சம் பிடிப்பது எனக்குப் புரியவே இல்லை. அவர் எழுத்தில் கருத்து கொடுத்த பிறகுதான் அக்ரிமெண்ட். உரிமையில் குறை தெரிந்தால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வேண்டும் என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். அக்ரிமெண்டையும் பதிவு செய்யுங்கள். பணம் வங்கி வழியாகவே போகட்டும். வீடு, மனை விற்பனையில் ரூ.20,000-மோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. விலை 50 லட்சத்தைத் தொட்டால் ஒரு சதவீதம் டிடிஎஸ் (விற்பவரின் வருமான வரிக்காக விலையிலேயே பிடிக்கும் தொகை) பிடித்துக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு.

செலவு: மனைக்கும் தனி வீட்டுக்கும் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். வங்கி இதற்குப் பெரும்பாலும் கடன் தராது, கையில் வைத்திருங்கள்.

பத்திர வரைவைப் பதிவுக்கு இரண்டு நாள் முன்பே வாங்கி, சொத்து விவரத்தை மட்டும் விரல் வைத்துப் படியுங்கள்: புல எண், நான்கு பக்க எல்லை, நீள அகலம், சதுர அடி. பழைய பத்திரம், பட்டா, புலப்படம் (சர்வே வரைபடம்), நேரில் டேப் பிடித்து அளந்தது, எல்லாம் ஒத்துப்போக வேண்டும். பிழை பின்னால் தெரிந்தால் திருத்தல் பத்திரத்துக்கு விற்றவரே மறுபடி வந்து கையெழுத்துப் போட வேண்டும். முழுப் பணமும் வாங்கிய பிறகு அவரைக் கூப்பிட்டுப் பாருங்கள், தெரியும்.

பதிவு முடிந்ததும் பட்டா மாற்றம், சொத்துவரி, மின் இணைப்பு, குடிநீர் எல்லாவற்றிலும் பெயரை மாற்றுங்கள். சில நாள் கழித்து இன்னொரு ஈசி எடுத்து, உங்கள் பெயரும் புல எண்ணும் பிழையில்லாமல் ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள்.