வைகை கடலைத் தொடுவதே இல்லையா?

சித்திரைத் திருவிழா வந்தால் மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவலும் சுற்ற ஆரம்பித்துவிடும்: “சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலோடு சேரமாட்டேன் என்று சபதம் எடுத்த வைகை, இன்றுவரை கடலில் கலந்ததில்லை.” பழைய கவிதைக் கற்பனையாக அது அழகுதான். நிலவியலாக எடுத்துக்கொண்டால் தவறு.

வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை ஏறத்தாழ 258 கி.மீ. ஓடுகிறது. வழியில் அதைத் தடுப்பது சபதமல்ல, மதகுகள். வைகை அணைக்குக் கீழே பேரணை, விரகனூர், பார்த்திபனூர் என்று ஒவ்வொரு இடத்திலும் கால்வாய்கள் தண்ணீரைப் பிரித்துக் கண்மாய்களுக்குக் கொண்டுபோகின்றன. மிஞ்சுவது ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போகும். மழை குறைந்த வருடத்தில் கதை அங்கேயே முடிந்துவிடும். ‘கலக்காத நதி’ என்ற பேச்சுக்கு இடம் கொடுப்பது இதுதான்.

வடகிழக்குப் பருவமழை வலுத்து வெள்ளம் வந்தால், உபரி நீர் கிழக்கே ஓடி ஆற்றங்கரை என்ற ஊரருகே பாக் விரிகுடாவில் விழுகிறது. ஊரின் பெயரே சாட்சி! பக்கத்தில் உள்ள பழைய துறைமுகமான அழகன்குளத்தில் ரோமானியக் காசுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் அகழாய்வில் கிடைத்தன. கடலைத் தொடாத ஆற்றின் முகத்தில் துறைமுகம் எப்படி வந்திருக்கும்?

இன்னொன்று: வைகை கடலில் விழும் இடம் மன்னார் வளைகுடா அல்ல. அந்த வளைகுடா ராமேஸ்வரம் தீவுக்குத் தெற்கே இருக்கிறது. ஆழம் குறைந்த பாக் விரிகுடா வடக்கே.