மாஸ்பி சாமுக்கு எழுதிய கடிதம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிப் பேச்சு எழுந்தாலே, "அது அடிமை முறைக்காக நடந்ததில்லை, மாநில உரிமைக்காக நடந்தது" என்று யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுகிறார். அவர்கள் ஒரு கடிதத்தைப் படிக்க வேண்டும். 1907 ஜூன் 4 அன்று ஜான் மாஸ்பி தன் கைப்பட எழுதியது.

மாஸ்பி தெற்குத் தரப்பின், அதாவது நாட்டை விட்டுப் பிரிந்துபோன தென் மாநிலங்களின், குதிரைப்படைத் தளபதி. 1863 மார்ச்சில் ஓர் இரவு, எதிரிப் படைகள் சூழ்ந்திருந்த ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குள் சுமார் முப்பது பேரோடு புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த வடக்குத் தரப்பு ஜெனரல் ஸ்டவுட்டனைப் படுக்கையிலிருந்து எழுப்பிப் பிடித்துக்கொண்டு போனவர். தெற்கே அவர் பெரிய நாயகன். போருக்குப் பிறகு, வென்ற தளபதி கிராண்டை அரசியலில் ஆதரித்ததற்காக அதே மக்களிடம் வசவும் வாங்கினார்.

கடிதத்தின் தேதியைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய நாள்தான், போரின்போது தெற்கின் தலைநகராக இருந்த ரிச்மண்டில், தெற்கின் ஜனாதிபதியாக இருந்த ஜெஃபர்சன் டேவிஸுக்குச் சிலை திறந்திருந்தார்கள். பழைய வீரர்கள் ஒன்றுகூடி மேடையில் முழங்கியதைப் படித்தாலே அருவருப்பாக இருக்கிறது என்று, தன் கீழ் போரிட்ட சாம் சாப்மனுக்கு எழுதுகிறார். அடிமை முறை பழங்காலக் குடும்பத் தலைவர்கள் வழிவந்த ஏற்பாடு என்று யாரோ பெருமையாகச் சொன்னாராம். பலதார மணமும் அப்படி வந்ததுதானே என்று ஒரே வெட்டு! அப்புறம் நேராகவே சொல்கிறார்: தெற்கு போருக்குப் போனது அடிமை முறையால்தான். முதலில் பிரிந்துபோன தென் கரோலினா மாநிலத்துக்கு, தாங்கள் ஏன் பிரிந்தோம் என்று தெரியாதா என்ன?

ஆனால் அதே கடிதத்தில், அடிமை முறையின் பக்கம் நின்று போரிட்டதற்கு வெட்கப்படவில்லை என்கிறார். மனிதர்களை அவரவர் காலத்து அளவுகோலால்தான் அளக்க வேண்டுமாம். இங்கேதான் என்னால் அவரோடு போக முடியவில்லை. யாருடைய அளவுகோல்? 1860 கணக்கெடுப்பின்படி அங்கே அடிமைகளாக இருந்தவர்கள் கிட்டத்தட்ட 40 லட்சம் பேர். அவர்களும் அந்தக் காலத்து மனிதர்கள்தான். மாஸ்பியோடு போருக்கே போன அவர் குடும்பத்து அடிமை ஆரன் பர்ட்டனும் அந்தக் காலத்தவர்தான். பெற்ற பிள்ளையை ஏலத்தில் விற்றதைப் பார்த்து நின்ற தாய்க்கு, அது தப்பு என்று தெரிய அடுத்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்ததா?

சரி, இவ்வளவு கோபம் இருந்தும் இந்தக் கடிதத்தை நான் ஒதுக்க மாட்டேன். எழுதும்போது அவருக்கு 73 வயது. தன் தளபதி ஸ்டூவர்ட்டுக்கும் அதே வாரம் ரிச்மண்டில் சிலை திறந்திருந்தார்கள். கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டியிருந்தால் ஊரே அவரைத் தோளில் தூக்கியிருக்கும். நல்லவேளை, நான் அங்கே இல்லை என்று சாமுக்கு எழுதினார்.