நாற்காலி உண்டு, வேலை உண்டு, மருத்துவ விடுப்பு மட்டும் கிடையாதா?

வேலைக்கு ஆள் கேட்டு விளம்பரம் போட்டால், என்ன வகை ஒப்பந்தம், சம்பளம் எவ்வளவு, விடுப்பு உண்டா, உடம்புக்கு முடியாமல் போனால் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். நம் ஊர்க் கோப்பிக்கடையில் பாத்திரம் கழுவ ஆள் எடுப்பவர்கூட இதைச் சொல்லிவிடுவார். உலகத்துக்கே நியாயம் பேசுகிற ஓர் அனைத்துலக அமைப்பின் சிங்கப்பூர் அலுவலகத்துக்கு அந்த மனசு வரவில்லை. பெயர் வேண்டாம். வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

முதலில் அந்த விண்ணப்பப் படிவம். தற்குறிப்பைப் பதிவேற்றிய பிறகும் அதில் உள்ள ஒவ்வொரு வரியையும் கட்டம் கட்டமாகத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும். பார்த்த ஒவ்வொரு வேலைக்கும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, தொடக்கச் சம்பளம், கடைசிச் சம்பளம், மேலதிகாரி யார், உங்களுக்குக் கீழே எத்தனை பேர், ஏன் விலகினீர்கள் என்று கேட்டுக்கொண்டே போகிறது. என் முதல் வேலை ஜூரோங்கில் ஒரு சின்ன சரக்கு நிறுவனத்தில். அதை மூடிப் பல வருடமாகிவிட்டது. அந்த மேலதிகாரியின் மின்னஞ்சலைப் போடாமல் அடுத்த பக்கத்துக்கு விடமாட்டேன் என்கிறது படிவம். இல்லாத நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு நான் எங்கே போவேன்?

அதைவிட வலித்தது இன்னொன்று. அப்பா பக்கவாதத்தில் படுத்தபோது வேலையை விட்டுவிட்டு அவரோடு இருந்தேன். அந்தக் காலத்துக்கு நேராகச் சிவப்பு எழுத்தில் ‘இடைவெளிக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் வந்தது. சரி, கேட்கிறார்களே என்று எழுதினேன். எழுத்து எண்ணிக்கை கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பியது. குறைத்தேன், மறுபடியும் அதே. அவருக்குச் சோறு ஊட்டியது, குளிப்பாட்டியது, சக்கர நாற்காலியில் வைத்து உடற்பயிற்சி சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போனது எல்லாவற்றையும் அடித்துவிட்டு ‘குடும்பக் காரணம்’ என்று இரண்டே சொல் போட்ட பிறகுதான் பச்சை டிக் விழுந்தது.

இந்தக் கேள்விப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஐநா அமைப்புகள் காலங்காலமாக வைத்திருந்த பி-11 என்ற தன்விவரப் படிவத்தைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. பிறந்தபோது என்ன குடியுரிமை, திருமணம் ஆகிவிட்டதா, உங்களைச் சார்ந்தவர்கள் யார் யார், சொந்தக்காரர் எவராவது அனைத்துலக அமைப்பில் இருக்கிறாரா என்று எல்லாம் அதில் உண்டு. கடைசிக் கேள்வி நியாயமானது. சொந்தக்காரரை உள்ளே இழுத்துப்போடுவதைத் தடுக்கத்தான் வேண்டும். பிள்ளைகளைப் பற்றிக் கேட்பதற்கும் காரணம் உண்டு, ஊழியர்களுக்கான படிகள் அதைப் பொறுத்தவை. அதை வேலை கொடுத்த பிறகு கேட்டால் என்ன? விண்ணப்பத்தில் வேலைக்குச் சம்பந்தமில்லாத சொந்த விவரங்களைக் கேட்க வேண்டாம் என்றுதான் அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து வகுத்த இங்குள்ள முத்தரப்பு வழிகாட்டு நெறிகள் முதலாளிகளுக்குச் சொல்கின்றன. என் அக்கா உள்ளூர் நிறுவனம் ஒன்றில் மனிதவளப் பிரிவில் இருக்கிறார். திரையைப் பார்த்துவிட்டு, “எங்க ஃபார்ம்ல இதைக் கேட்டா முதல்ல என்னைத்தான் கூப்பிட்டு விசாரிப்பாங்க” என்றார்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு ஏன் நிரப்பினேன்? சலுகைகள் பக்கத்தைப் பார்த்துத்தான். ஐநா அமைப்புகளுக்குப் பொதுவான பணி விதிமுறையில் நிரந்தர, குறித்தகால ஊழியர்களுக்கு ஆண்டு விடுப்பு 30 நாள். 2023லிருந்து பெற்றோர் எவராக இருந்தாலும் 16 வாரம், பிள்ளை பெற்ற தாய்க்கு மேலும் 10 வாரம். மருத்துவக் காப்புறுதி, ஓய்வூதிய நிதி வேறு. சிங்கப்பூர் வேலைச் சட்டப்படி முதல் வருடம் குறைந்தபட்சம் 7 நாள் விடுப்பு, வருடம் ஏற ஏற 14 வரை. இந்த அமைப்பின் பக்கமும் ஏறக்குறைய ஐநா கணக்கிலேயே இருந்தது. ஆசைப்பட்டது தப்பா?

எழுத்துத் தேர்வு முடிந்தது, நேர்காணலும் நன்றாகவே போனது. தேர்வாகிவிட்டேன் என்று தொலைபேசியில் சொன்னவர், அதே மூச்சில் இது ஆலோசகர் ஒப்பந்தம், பதினோரு மாதத்துக்கு என்றும் சொன்னார். விளம்பரத்தில் அந்தச் சொல்லே இல்லை.

ஆலோசகர் என்றால் நீங்கள் ஊழியர் இல்லை. ஆண்டு விடுப்பு, சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, ஓய்வூதியம் எதுவும் கிடையாது. 55 வயது வரை உள்ள ஊழியருக்கு முதலாளி மத்திய சேமநிதியில் போடும் 17 விழுக்காடு எனக்கு வராது. சொந்தத் தொழில் செய்பவர் போல, சேமநிதியில் மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் கணக்கின் பங்கை நானே கட்ட வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுத் தவணை இப்போது சேமநிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து போகிறது. அதில் புதிதாகப் பணம் விழாவிட்டால், கொஞ்ச நாளில் மாதாமாதம் கையிலிருந்து ரொக்கம் எடுத்து வைக்க வேண்டும். இது நம் ஊரில் வீடு வாங்கிய ஒவ்வொருவருக்கும் புரியும். ஜெனீவாவில் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதுகிறவருக்கு யார் சொல்வது?

உண்மையிலேயே ஆலோசகராக வைத்திருந்தால் பேச்சே இல்லை. அறிக்கையை எழுதிக் கொடு, காசை வாங்கிக்கொண்டு போ என்பது கௌரவமான ஏற்பாடு. இங்கே காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் இருக்க வேண்டும். மேலதிகாரி சொல்வதைச் செய்ய வேண்டும், வாராந்தரக் கூட்டத்துக்கு வர வேண்டும், கழுத்தில் அலுவலக அட்டை வேறு. பக்கத்து மேசையில் அதே வேலையைச் செய்பவருக்கு மருத்துவ விடுப்பு உண்டு. இதே மாதிரி ஒப்பந்தத்தில் வேறு இடத்தில் இருந்த என் தோழிக்கு டெங்கி வந்தது. தட்டணு குறைந்து சொட்டு மருந்தோடு படுத்துக் கிடந்த நாள்கள் அத்தனைக்கும் அவளுக்குச் சம்பளம் இல்லை. காய்ச்சல் முழுதாக விடுவதற்குள் மடிக்கணினியைத் திறந்துவிட்டாள்.

எங்கே போய் முறையிடுவது? இப்படிப்பட்ட அமைப்புகளுக்குச் சிறப்புரிமைகளும் விலக்குரிமைகளும் வழங்க 1948லிருந்தே இங்கே சட்டம் இருக்கிறது. உள்ளூர் முதலாளி மேல் புகார் கொடுப்பது போல இவர்கள் மேல் கொடுத்துவிட முடியாது. ஐநாவிலாவது 2009லிருந்து பணித் தகராறுகளுக்கென்று தனித் தீர்ப்பாயம் உண்டு. அதன் கதவும் ஊழியர்களுக்குத்தான், ஆலோசகர்களுக்கு இல்லை. 2015இல் உலக நாடுகள் ஐநாவில் ஏற்ற வளர்ச்சி இலக்குகளில் எட்டாவது, எல்லாருக்கும் கண்ணியமான வேலை. அந்த இலக்கின் சின்னம் இவர்கள் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. நேர்காணலுக்குக் காத்திருந்தபோது அதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊருக்குத்தான் உபதேசமா?

மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். விளம்பரத்தில் ஆலோசகர் என்று ஏன் போடவில்லை? நோயில் படுத்தால் சம்பளம் உண்டா? சேமநிதிக்கு ஈடாகச் சம்பளத்தை உயர்த்துவீர்களா? பெற்றுக்கொண்டோம் என்றுகூட ஒரு வரி வரவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்று நினைவூட்டல் மட்டும் தவறாமல் வருகிறது. மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரட்டும். அதுவரை என் கையெழுத்து கிடைக்காது.