ஆறு நிதியாண்டு பார்த்து ஓடாது

கெட்டுப்போன ஆற்றைப் பழைய இயல்புக்குக் கொண்டுவரும் சூழல் மீட்புக்கு அரசு இன்னும் அதிகப் பணம் ஒதுக்க வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, ஒதுக்கட்டும். ஆனால் கரைக்குக் கான்கிரீட் பூசுவதும் நடைபாதை போடுவதும்கூட ‘மீட்பு’ கணக்கில்தான் ஏறுகின்றன.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கிஸ்ஸிம்மி ஆற்றை வெள்ளத் தடுப்புக்காக 1962 முதல் 1971 வரை நேர்க் கால்வாயாக வெட்டினார்கள். ஈரநிலம் காய்ந்து, நீர்ப்பறவைகள் வருவது குறைந்துபோனது. அப்புறம் அந்தக் கால்வாயின் ஒரு பகுதியை மண் போட்டு மூடி, பழைய வளைவுகளில் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். 1999-இல் தொடங்கிய கட்டுமான வேலை 2021-இல்தான் முடிந்தது. செலவு, மத்திய அரசும் மாநிலத்தின் நீர் மேலாண்மை அமைப்பும் பாதிக்குப் பாதி. வெட்டியதும் மக்கள் பணம், மூடியதும் மக்கள் பணம்!

இருபது வருஷத்துக்கு மேல் விடாமல் பணம் வந்ததே, அதுதான் விஷயம். பல திட்டங்களில் மரக்கன்று நடக் காசு இருக்கும். இரண்டாவது கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்ற இருக்காது. மீன் திரும்பியதா, கரையில் நாணல் வேர்பிடித்ததா என்று ஐந்து வருஷம் கழித்துப் போய்ப் பார்க்கிறவருக்குச் சம்பளமும் இருக்காது. அந்தத் தொகையை முதல் நாளிலேயே தனியாக எடுத்து வைக்க வேண்டும். கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.