முயல் சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை

இங்கிலாந்தில் வயலுக்குள் நாய்களை விட்டு முயல் துரத்துபவர்களைப் பற்றிய இந்த இழையில், "நாய் முயலைப் பிடித்தால்தான் குற்றம், அதுவரை போலீஸ் ஒன்றும் செய்ய முடியாது" என்று பலர் பகிர்ந்திருக்கிறீர்கள். அது சரியல்ல.

2022ஆம் ஆண்டின் போலீஸ், குற்றம், தண்டனை, நீதிமன்றங்கள் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, நாயை வைத்து முயலைத் தேடும் அல்லது துரத்தும் நோக்கத்தோடு அடுத்தவர் நிலத்தில் அத்துமீறி நுழைந்தாலே குற்றம். முயல் ஒன்றுகூட சாகத் தேவையில்லை. ஆறு மாதம்வரை சிறை, வரம்பில்லாத அபராதம், அப்புறம் நாய் வளர்க்கவே தடைகூட விதிக்கலாம். 2022 ஆகஸ்ட் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இது நடைமுறையில் இருக்கிறது.

நோக்கத்தை நிரூபிக்க வேண்டும் என்பது உண்மைதான். அதனால்தான் நீங்கள் பார்த்த சின்ன விவரமும் முக்கியம்: வயல் வாசலில் நின்ற வண்டியின் எண், வேலி உடைந்த இடம், கழுத்துப்பட்டியில் இழுத்துப் பிடித்திருந்த ஒல்லியான வேட்டை நாய்கள் எத்தனை, நேரம் என்ன. கண்ணெதிரே நடந்தால் 999 என்ற அவசர எண்ணுக்கும், முடிந்துபோனதென்றால் 101 என்ற அவசரமில்லாத போலீஸ் எண்ணுக்கும் போன் செய்யுங்கள். நீங்களாகப் போய் அவர்களை மறிக்காதீர்கள், தயவுசெய்து.

சரிபார்க்க விரும்புகிறவர்கள் பிரிட்டன் அரசின் சட்டத் தளமான லெஜிஸ்லேஷன்.கவ்.யுகே போய், அந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவைத் திறந்து முதல் உட்பிரிவைப் படியுங்கள். "நோக்கம்" என்ற சொல் அங்கேயே இருக்கிறது. 'ஒன்றும் நடக்காது' என்று நம்பி விவசாயிகள் போன் செய்யாமல் விட்டுவிடுவார்களோ என்பதுதான் என் கவலை.