டூம் படத்தில் ராக் ஹீரோ இல்லை

“2005-ல் வந்த டூம் படத்துக்கு ஹீரோ ராக்தான், கேமில் நாம் ஆடும் வீரன் அவரே” என்று எழுதியிருக்கீங்க. டூம் வீடியோ கேமை வைத்து எடுத்த படம் அது. போஸ்டரை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ராக் என்கிற ட்வெய்ன் ஜான்சன் நடித்தது சார்ஜ் என்கிற படைத்தலைவர் வேடம். கடைசியில் அவரே வில்லனாகிவிடுவார். அவரோடு மோதி ஜெயிக்கும் ஹீரோ ஜான் கிரிம்; அந்த வேடத்தில் நடித்தவர் கார்ல் அர்பன். திரையின் கீழே துப்பாக்கி மட்டும் தெரிய, அப்படியே கேம் மாதிரி சில நிமிஷம் ஓடுமே, ரம்பத்தை எடுத்து ஒரு மிருகத்தை அறுக்கிற இடம்கூட வருமே, அதெல்லாம் கிரிம் கண் வழியாகத்தான். 1993 கேமில் அந்த வீரனுக்குப் பெயரே கிடையாது. கிரிம் என்பதே படத்துக்காக வைத்ததுதான். நடிகர் தேர்வு சொதப்பலா என்று தாராளமாகச் சண்டை போடலாம், ஆளை மாற்றிச் சொல்லாமல்.